கண்ணீரில் உடனிருக்கும் இறைவன்

மரண வீடொன்றின் வாசலில் கால்வைக்கும்போது நாம் எல்லோருமே தடுமாறுகின்றோம். என்ன சொல்வதென்று தெரியாத அவ்வேளையில், அழவேண்டாம், எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று கூறிவிட்டு ஓர் ஓரமாக அமர்ந்துகொள்கின்றோம். அடக்கம் முடிகின்றது. 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. உறவினர்கள் தத்தம் வீடுகளுக்குத் திரும்புகின்றனர். அதன் பின்னரே துயரம் அந்த வீட்டில் உண்மையாகக் குடிபுகுகின்றது. அந்நாட்களில் குருவானவரைத் தேடிவருவோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் வினா ஒன்று உண்டு. செபிக்க முடியவில்லையே, அழுகை நிற்கவில்லையே, என் விசுவாசம் குன்றிப்போயிற்றா என்பதே அது.

இவ்வினாவுக்குத் தன் வாழ்வையே விடையாகத் தந்துசென்ற ஒரு தாயை இவ்வாரம் நினைவுகூருவோம். அவர் மகளாக அழுதார், மனைவியாக அழுதார், தாயாக அழுதார். இறுதியில் திருச்சபை அவரைப் புனிதையாகப் பீடத்தில் ஏற்றியது. ஐக்கிய அமெரிக்காவில் பிறந்தவர்களுள் முதன்முதலாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட எலிசபெத் ஆன் சீட்டன் அம்மையாரே அவர்.

தாயற்ற குழந்தை

எலிசபெத் 1774ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 28ஆம் நாள் நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை றிச்சார்ட் பெய்லி பெயர்பெற்ற வைத்தியர். தாய் கத்தரின், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த போதகர் ஒருவரின் புதல்வி. எலிசபெத்துக்கு மூன்று வயது நிறைவதற்கு முன்னரே, 1777இல், தாய் மரணமானார். அடுத்த ஆண்டு சின்னத் தங்கையும் இறந்தாள். வீட்டார் அழுதுகொண்டிருக்க, நான்கு வயதுச் சிறுமி வாசற்படியில் அமர்ந்து வானத்து மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அழவில்லை என்று கேட்டவர்களிடம், தங்கை அம்மாவிடம் போய்விட்டாள் என்று அவள் சொன்னாளாம். தானும் அங்கு போகவேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பிஞ்சு உள்ளத்தில் அன்றே பதிந்துவிட்டது.

தந்தை மறுமணம் செய்தார். மாற்றாந்தாயின் வீட்டில் எலிசபெத்துக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. தந்தை மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற காலங்களில் அவர் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். கன்னிப் பருவத்தில் தனிமை அவரை மிகவும் வாட்டியது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம்கூட ஒருவேளை தம்மைத் தீண்டியதையும், அதிலிருந்து இறைவன் தம்மைக் காத்ததையும் பிற்காலத்தில் அவர் மறைக்காது எழுதிவைத்தார். புனிதர்கள் இருளை அறியாதவர்கள் என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

விதவையருக்கு உதவியவர்

1794ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் நாள், வசதிமிக்க வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் சீட்டன் என்பவரை எலிசபெத் கரம்பற்றினார். அன்பான கணவர், அழகிய இல்லம், ஒருவர்பின் ஒருவராக ஐந்து குழந்தைகள். அன்னா மரியா, வில்லியம், றிச்சார்ட், கத்தரின், றெபேக்கா என்பன அக்குழந்தைகளின் பெயர்கள். கணவரின் தங்கையான மற்றுமொரு றெபேக்கா, எலிசபெத்தின் உயிர்த்தோழியானார்.

1797ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரப் பெண்கள் சிலர், சிறு குழந்தைகளோடு கைவிடப்பட்ட ஏழை விதவையருக்கு உதவவென ஒரு சங்கத்தை நிறுவினர். அதன் பொருளாளராகப் பணியாற்றினார் எலிசபெத். பசித்திருந்த விதவையரின் வீடுகளைத் தேடிச்சென்றார். இன்னும் ஆறே ஆண்டுகளில் தாமும் ஐந்து குழந்தைகளோடு அதே நிலையில் நிற்கப்போவதை அப்போது அவர் அறிந்திருக்கவில்லை.

1798இல் மாமனார் காலமானார். அவருடைய இளம் பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் எலிசபெத்தின் தோளில் விழுந்தது. குடும்ப வணிகம் நொடிந்தது, கடலிற் கப்பல்கள் அழிந்தன, கடன் பெருகியது, இறுதியில் வீட்டையும் இழந்தனர். அதனோடு கணவரின் உடலில் மறைந்திருந்த காசநோயும் முற்றத் தொடங்கியது.

தந்தை பெய்லி நியூயோர்க் துறைமுகத்தின் சுகாதார அதிகாரியாக இருந்தார். நோயோடும் பசியோடும் கப்பலில் வந்திறங்கிய அயர்லாந்து மக்களைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வைத்துப் பராமரிப்பது அவருடைய கடமை. 1801ஆம் ஆண்டுக் கோடையில் எலிசபெத் தந்தையோடு தங்கியிருந்தார். பாலின்றித் தாய்மாரின் கைகளிலேயே குழந்தைகள் இறப்பதைக் கண்டு அவர் உள்ளம் துடித்தது. கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாயாயிருந்த அவர், அக்குழந்தைகளுக்கும் பாலூட்ட விரும்பினார். தந்தை அதற்கு இணங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், அந்த ஏழைகளிடமிருந்து தொற்றிய காய்ச்சலினால் தந்தையும் மாண்டார்.

கல்லறையைப் போன்ற அறை

வெப்பமான நாட்டுக்குச் சென்றால் கணவர் உயிர்பிழைக்கக்கூடும் என்ற நம்பிக்கையில், 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் எலிசபெத் அவருடன் இத்தாலிக்குக் கப்பலேறினார். எட்டு வயதான மூத்த மகள் அன்னா மட்டும் உடன் சென்றாள். ஏனைய நால்வரும் உறவினரிடம் விடப்பட்டனர். அவர்களுள் கடைக்குட்டி றெபேக்காவுக்கு ஒரு வயதே நிறைந்திருந்தது.

ஏழு வாரக் கடற்பயணத்தின் பின் கப்பல் லிவோர்னோ துறைமுகத்தை அடைந்தது. ஆனால் நியூயோர்க்கில் மஞ்சட் காய்ச்சல் பரவியிருந்த செய்தி அவர்களை முந்திக்கொண்டது. நகரினுள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. அங்கே பணிபுரிந்த எலிசபெத்தின் மாற்றாந்தாய் வழித் தம்பி, அக்காவைக் காண ஓடோடி வந்தான். அவனைத் தொடுவதற்குக்கூட காவலர் விடவில்லை. நகருக்கு வெளியே கடலோரத்தில் இருந்த தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு மூவரும் கொண்டுசெல்லப்பட்டனர். தனிமைப்படுத்தல் நிலையத்தின் அதிகாரிக்கு மகளாகப் பிறந்தவர், இன்று அத்தகைய நிலையமொன்றின் கைதியானார். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் அன்புக்குரியவர்களைத் தொட்டுப் பார்க்கவும் இயலாதிருந்த குடும்பங்களுக்கு இந்நிலையை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

கல்லாலான சுவர்கள், கல்லாலான தரை, சன்னலின் வழியே ஓயாது வீசும் குளிர்ந்த கடற்காற்று. அவ்வறையில் ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்தது. கணவர் இருமி இருமி இரத்தம் கக்கினார். எலிசபெத் இரவும் பகலும் அவர் அருகில் விழித்திருந்தார். மறைநூலை வாசித்தார், செபித்தார். மகள் குளிரில் நடுங்கியபோது, அவளோடு சேர்ந்து தாமும் கயிறடித்துத் துள்ளி உடலுக்குச் சூடேற்றிக்கொண்டார். மகள் உறங்கிய பின், யாரும் காணாதபடி கதிரையில் தலைசாய்த்து அழுதார். அந்நாட்களில் தோழி றெபேக்காவுக்காக அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. அதிலே செபமும் கண்ணீரும் ஒன்றோடொன்று கலந்தே காணப்படுகின்றன. கண்ணீர் வந்ததனால் செபம் நிற்கவில்லை. செபித்ததனால் கண்ணீரும் நிற்கவில்லை.

டிசம்பர் 19ஆம் நாள் அவர்கள் விடுவிக்கப்பட்டுப் பீசா நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து இரு நாட்களில், டிசம்பர் 27ஆம் நாள், கணவர் வில்லியம் உயிர்நீத்தார். தொற்றுக்கு அஞ்சிப் பலரும் விலகிநின்றமையால், இறந்த கணவரின் உடலைச் சுத்தம்செய்யும் இறுதிக் கடமையையும் எலிசபெத்தே முன்னின்று செய்தார். அந்நிய மண்ணில், லிவோர்னோவின் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில், வில்லியம் அடக்கம் செய்யப்பட்டார். எலிசபெத்துக்கு அப்போது வயது 29.

ஆறுதல் வந்த வழி

இறைவனின் இரக்கம் இப்போது மனிதக் கைகளின் வழியாகவே அவரைத் தேடிவந்தது. சீட்டன் குடும்பத்தோடு வணிகத் தொடர்புடைய பிலிக்கி சகோதரர்களான பிலிப்போவும் அந்தோனியோவும் லிவோர்னோவில் வாழ்ந்த கத்தோலிக்கர். அவர்கள் எலிசபெத்தையும் மகளையும் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டனர். உணவளித்தனர், துயரப்பட்ட பெண்ணை அழவிட்டனர், தாம் செல்லும் ஆலயங்களுக்கு உடன் அழைத்துச் சென்றனர். அன்னாவும் பின்னர் எலிசபெத்தும் செங்காய்ச்சலினால் படுக்கையில் விழுந்தபோது, அக்குடும்பத்தாரே இரவு பகலாக அவர்களைப் பராமரித்தனர்.

மொந்தெநேரோ என்னும் மரியன்னை திருத்தலத்தில் திருப்பலி வேளையில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றது. நற்கருணை உயர்த்தப்பட்ட பொழுது, அருகிலிருந்த ஆங்கிலேயப் பயணி ஒருவர் எலிசபெத்தின் காதில் ஏளனமாக ஏதோ முணுமுணுத்தார். எலிசபெத்தோ அதிர்ந்துபோய்த் தலைகுனிந்து கண்ணீர் வடித்தார். ஆண்டவர் உண்மையாகவே இங்கு பிரசன்னமாகின்றார் என்றால், இம்மக்கள் எத்துணைப் பேறுபெற்றவர்கள் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. மற்றுமொரு நாள் நற்கருணை வீதிவழியே கொண்டுசெல்லப்பட்டபோது, சன்னலோரம் நின்ற அவர் தம்மையறியாமலே முழந்தாளிட்டார். தாங்கமுடியாத தனிமையில் இருந்த அவருடைய உள்ளம் தேடியது, தன்னோடு தங்கும் ஒரு கடவுளையே.

பிலிக்கி இல்லத்தில் கிடந்த செபநூலொன்றில், அன்னை மரியாளின் பரிந்துரையை வேண்டும் புனித பெர்நார்தின் செபம் அவர் கண்ணிற்பட்டது. அதைச் செபித்தபோது, மூன்று வயதுக்கு முன்னரே இழந்த தாயைத் திரும்பப் பெற்றதாக உணர்ந்து, ஓர் குழந்தையைப் போல் அழுதார். இத்தாலிக்கு அவர் கணவரின் உயிரைத் தேடிச் சென்றார். அது கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு இறைவன் அவரைத் திருப்பியனுப்பவுமில்லை.

விலைகொடுத்துப் பெற்ற விசுவாசம்

1804ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எலிசபெத் நியூயோர்க் திரும்பினார். அந்தோனியோ துணையாக வந்திருந்தார். பிள்ளைகளை அணைத்த மகிழ்ச்சி ஒருபுறம். மரணப் படுக்கையில் கிடந்த தோழி றெபேக்காவின் காட்சி மறுபுறம். அடுத்த மாதமே றெபேக்காவும் மறைந்தார்.

அதன் பின் பல மாதங்கள் கடும் உட்போராட்டம். பிறந்து வளர்ந்த சபையின் போதகரும் நண்பர்களும் அவரைத் தடுத்து வாதிட்டனர். நியூயோர்க்கின் கத்தோலிக்கரோ அந்நாளில் பெரும்பாலும் ஏழைக் குடியேறிகள். உயர்குலத்தார் அவர்களை இழிவாகவே நோக்கினர். எனினும் 1805ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் புனித பேதுரு ஆலயத்தில் எலிசபெத் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அதே மாதம் 25ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, முதன்முறையாக நற்கருணை உட்கொண்டார்.

உறவினர் பலர் விலகினர், உதவிகள் குறைந்தன. பிள்ளைகளுக்கு உணவு தேட அவர் தொடங்கிய முயற்சிகள் தோல்வியுற்றன. அருட்தந்தை டுபூர்க் அவர்களின் அழைப்பின்பேரில் 1808இல் பால்டிமோர் நகருக்குச் சென்று சிறுமியருக்கான பாடசாலையொன்றைத் தொடங்கினார். அவரோடு பணிபுரிய இளம் பெண்கள் முன்வந்தனர். 1809இல் அவர்கள் எமிற்ஸ்பேர்க் என்ற சிற்றூரில் குடியேறினர். அமெரிக்க மண்ணில் தோன்றிய முதலாவது அருட்சகோதரியர் சபை அங்கே வேரூன்றியது. ஏழைச் சிறுமியர் கட்டணமின்றிக் கற்பதற்கான பாடசாலை 1810இல் திறக்கப்பட்டது. சபையின் தலைவியாக இருந்தபோதும், தம் ஐந்து பிள்ளைகளின் தாய் என்ற கடமையே தமக்கு முதன்மையானது என்பதை எலிசபெத் விட்டுக்கொடுக்கவில்லை.

செபம் வறண்ட நாட்கள்

புதிய மடத்தையும் மரணம் விட்டுவைக்கவில்லை. எலிசபெத்தின் வழியாகக் கத்தோலிக்கத்தை நாடிய கணவரின் தங்கையர் இருவரும், ஹரியட் 1809 டிசம்பரிலும் செசிலியா 1810 ஏப்ரலிலும், அடுத்தடுத்து மறைந்தனர். அடுத்து வந்தது பேரிடி. லிவோர்னோவின் கல் அறையில் தாயோடு கயிறடித்துத் துள்ளிய அன்னா, தந்தையைக் கொன்ற அதே நோயினால் பீடிக்கப்பட்டாள். மரணப் படுக்கையிலேயே துறவற வார்த்தைப்பாடுகளை எடுத்துக்கொண்டு, 1812ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் 16ஆவது வயதில் கண்மூடினாள்.

அன்பார்ந்தவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று கவனிப்போம். எலிசபெத் அப்போது ஒரு சபையின் அன்னை. பலருக்கும் ஆறுதல் கூறியவர். மரணங்கள் பலவற்றை விசுவாசத்தோடு தாங்கியவர். ஆயினும் மகளின் மரணத்தில் அவர் முற்றாக நொறுங்கிப்போனார். அடுத்துவந்த மூன்று மாதங்களில் தம் புத்தியே பேதலித்துவிடுமோ என்று அஞ்சியதாகப் பின்னர் அவரே எழுதினார். செபம் வறண்டது. மரங்களின் நடுவே இருந்த மகளின் கல்லறையே அவருடைய எண்ணமெல்லாம் நிறைந்திருந்தது. மகளை அளவுகடந்து நேசித்ததே தம் தவறோ என்றும் கலங்கினார்.

அத்துயரிலும் அவர் சில காரியங்களைக் கைவிடவில்லை. திருப்பலிக்குச் சென்றார், உணர்வு எதுவுமின்றியே நற்கருணை முன் அமர்ந்தார், பாடசாலைச் சிறுமியரை நோக்கினார், தம் மனநிலையை ஒளிக்காது நம்பிக்கைக்குரியவர்களிடம் கூறினார். அக்காலத்தில் இறைவன் அவருக்கு அனுப்பிய துணைவர், பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த இளங்குரு சைமன் புறூற்றே. மருத்துவம் பயின்று குருவானவர் அவர். எலிசபெத்தின் உள்ளத்துக் காயத்தை அவர் பொறுமையோடு அணுகினார். மகளின் மரணத்தை மறக்கச் சொல்லாமல், நித்திய வாழ்வை நோக்கி அவருடைய கண்களை மெல்ல மெல்ல உயர்த்தினார். ஆறுதல் ஒரே நாளில் வரவில்லை. மாதங்கள் பல சென்றன. எனினும் வந்தது.

அதன் கனியை நான்கு ஆண்டுகளின் பின் காண்கின்றோம். கடைக்குட்டி றெபேக்கா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததனால் இடுப்பில் ஏற்பட்ட பாதிப்பு, ஆறாத நோயாக மாறியது. அவளால் படுக்கவும் முடியவில்லை. தாய் வாரக்கணக்கில் அவளைத் தம் கைகளிலே தாங்கியபடி அமர்ந்திருந்தார். 1816ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், 14 வயதில், தாயின் அணைப்பிலேயே அவள் உயிர் பிரிந்தது. இம்முறையும் தாய் அழுதார். ஆனால் முன்னைய இருள் அவரை மூடவில்லை. இழந்த மகளை இறைவனின் கைகளில் காணும் ஆற்றலை அவர் அதற்குள் பெற்றிருந்தார்.

பெற்ற ஆறுதலைப் பகிர்ந்தவர்

எலிசபெத்தின் இறுதி ஆண்டுகளில் சபை விரிவடைந்தது. 1814இல் பிலடெல்பியாவிலும் 1817இல் நியூயோர்க்கிலும் அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்க அவருடைய சகோதரிகள் சென்றனர். தாயின்றி வளர்ந்த ஒருத்தி, தாயற்ற பலருக்குத் தாயானார். குடும்பத்தைத் தொடர்ந்துவந்த காசநோய் இறுதியில் அவரையும் பற்றியது. திருச்சபையின் பிள்ளைகளாக நிலைத்திருக்குமாறு சகோதரிகளைக் கேட்டுக்கொண்டு, 1821ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், 46ஆவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அவரை அருளாளராகவும், 1975ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் திருத்தந்தை 6ஆம் பவுல் அவரைப் புனிதராகவும் பிரகடனம் செய்தனர். ஜனவரி 4ஆம் நாளிலேயே திருச்சபை அவருடைய விழாவைக் கொண்டாடுகின்றது.

அன்புக்குரிய குடும்பங்களே! இலாசரின் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டதை யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரம் நமக்கு எடுத்துரைக்கின்றது. சற்று நேரத்தில் தாமே அவனை உயிர்ப்பிக்கப் போகின்றார் என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்திருந்தும் அழுதார். அப்படியாயின் நம்முடைய கண்ணீர் விசுவாசக் குறைவாகாது. உயிர்ப்பில் உறுதியான நம்பிக்கையும், பிரிவில் உண்மையான அழுகையும் ஒரே உள்ளத்தில் வாழமுடியும். இறைமகனின் உள்ளத்திலேயே அவை இரண்டும் இருந்தன.

போரிலும் கடற்கோளிலும் நோயிலும் அன்புக்குரியவர்களை இழந்த இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனையோ உள்ளன. அவர்களுக்கு நாம் பிலிக்கி குடும்பத்தாரைப் போல் இருப்போம். விளக்கங்கள் கூறுவதைவிட, ஒருவேளை உணவோடு அவ்வீட்டுக்குச் செல்வோம். 31ஆம் நாளுக்குப் பின்னரும், ஆண்டுத் திவசத்துக்குப் பின்னரும் செல்வோம். அழுபவர் அழட்டும், அருகில் அமர்ந்திருப்போம். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதிருப்போம். துயரில் இறைவனிடம் நாம் பெற்றுக்கொண்ட ஆறுதல், துயரில் இருக்கும் மற்றவர்க்கு நாம் கொடுப்பதற்காகவே தரப்படுகின்றது என்பதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்திலேயே புனித பவுல் கற்பிக்கின்றார்.

இவ்வேளையில் துயரத்தின் நடுவே இதனை வாசிப்பவரே, உம்மால் செபிக்க முடியவில்லையெனில், நற்கருணைப் பேழையின் முன் சென்று சும்மா அமர்ந்திரும். சொற்கள் வேண்டாம். உம் மனத்தின் பாரத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இறக்கிவையும். ஆறுதல் தாமதிக்கலாம். ஆனால் கல்லறை போன்ற அந்த அறையிலும் எலிசபெத்தோடு விழித்திருந்த ஆண்டவர், இன்றிரவு உம்மோடும் விழித்திருக்கின்றார்.

இரக்கம் நிறைந்த தந்தையே, பிரிவுத் துயரால் வாடும் எம் குடும்பங்கள் அனைத்தையும் உம் திருக்கரங்களில் ஒப்படைக்கின்றோம். எம்மை விட்டுப் பிரிந்தோருக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். புனித எலிசபெத் ஆன் சீட்டனின் வேண்டுதலால், அழுவோர்க்கு உமது உடனிருப்பையும், அவர்கள் அருகிலிருக்கும் எமக்கு உமது இரக்கமுள்ள இதயத்தையும் தந்தருளும். ஆமென்.